கையே அளவுகோல்: வீட்டுத் தையல் மெசினில் ஒட்டுப்போர்வை தைக்கும் பாடம்



சில ஆண்டுகளுக்கு முன், நத்தாருக்கு மூன்று வாரம் இருக்கையில், எமது பங்கிலுள்ள பெண்கள் சங்கம் 12 ஒட்டுப்போர்வைகளைத் தைத்துக் கொழும்பிலுள்ள ஒரு கடைக்கு அனுப்பியது. அவற்றுள் 7 திரும்பி வந்தன. துணி நல்லது, நிறம் நல்லது, தையல்தான் ஒரே அளவாக இல்லை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியிருந்தார்கள். நூலும் அடித்துணியும் வாங்குவதற்காகத் தன் தோட்டை அடகு வைத்திருந்த ஒரு சகோதரி, அந்தப் பொதியைப் பிரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். குறை அவருடையதல்ல. "நத்தாருக்கு முன் முடித்தாக வேண்டும், சீக்கிரம், சீக்கிரம்" என்று அவர்களை அவசரப்படுத்தியவன் நானே.

அன்று மாலை பங்குமனை மேசையில் அந்த ஏழு போர்வைகளையும் விரித்து, அடிமட்டத்தை வைத்து அனைவரும் தையல்களை எண்ணினோம். நேர்கோடாகச் சென்ற இடங்களில் ஓர் அங்குலத்துக்கு 10 தையல் இருந்தது. வளைவுகளில் 5 அல்லது 6 மட்டுமே. மூலைகளிலோ 16, 17 என நெருக்கியடித்துக் கிடந்தன. வளைவில் கை ஓடியிருக்கிறது. மூலையில் கை தயங்கி நின்றிருக்கிறது. கால் மாத்திரம் ஒரே வேகத்தில் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறது. காலும் கையும் ஒன்றோடொன்று பேசாததால் வந்த வினை அது.

மண்சரிவாலும் வெள்ளத்தாலும் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வந்து, தற்காலிக இருப்பிடங்களிலும் உறவினர் வீடுகளிலும் வாழும் குடும்பங்கள் இவ்விதழைப் படிக்கின்றன. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலையகத்தை உலுக்கியதையும் நாம் மறக்க முடியாது. நிலத்தை இழந்த குடும்பத்துக்கு அடுத்த போகம் வரை காத்திருக்க நிலமே இல்லை. ஆனால் பல வீடுகளில் ஒரு பழைய தையல் மெசின் தப்பியிருக்கிறது. அல்லது யாரோ ஒருவர் கொடுத்திருக்கிறார். அதைக்கொண்டு செய்யக்கூடிய ஒரு வேலையைப் பற்றியே இந்தப் பாடம்.

ஏன் போர்வை?

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே உள்ளது. தை, மாசி மாதங்களில் சில இரவுகளில் அங்கே உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்குச் செடியும் கருகுவதை நாம் கண்டிருக்கிறோம். இங்கே போர்வை ஆடம்பரப் பொருள் அன்று. எமது முன்னோர் தோட்டங்களுக்கு வந்த காலத்தில் அவர்களுக்கு வழங்கப்பட்ட கம்பளிகூட இனாமாக வரவில்லை. அதன் விலை அவர்களுடைய பற்றுக் கணக்கில் கடனாக எழுதப்பட்டது. குளிருக்குப் போர்த்தியதும், மழையில் கொழுந்து பறிக்கையில் தலையில் போட்டுக்கொண்டதும் அதே கடன் கம்பளிதான். இன்று எமது கையால் எமக்கே ஒரு போர்வை தைத்துக்கொள்வதும், மிஞ்சியதை விற்பதும் அந்தப் பழைய கணக்குக்கு ஒரு சிறிய பதிலாகும்.

பழைய மெசினில் தையலின் நீளத்தை வைப்பது யார்?

முதலில் மெசினை விளங்கிக்கொள்வோம். எமது வீடுகளில் உள்ள கறுப்பு நிறக் கால்மெசினில் ஊசித்தட்டுக்குக் கீழே வரிவரியான சிறு பற்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தையலுக்கும் பற்கள் மேலெழுந்து துணியைக் கவ்விப் பின்னே தள்ளுகின்றன. எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை மெசினின் வலப்பக்கத் தூணில் உள்ள திருகு அல்லது நெம்புகோல் தீர்மானிக்கின்றது. பழைய விளக்கப் புத்தகங்களில் இதற்கே 'ஸ்டிச் ரெகுலேட்டர்' என்று பெயர். அதாவது, தையல் நீளத்தை ஒழுங்காக்குவது. சிங்கர் மெசின் இலங்கைக்கு வந்தது 1877இல். அன்றிலிருந்து சட்டை, பாவாடை, திரைச்சீலை அனைத்தையும் இந்தப் பற்களே அளந்து கொடுத்தன.

போர்வையில் பூ, கொடி, அலை என்று விரும்பிய திசையில் தைக்க வேண்டுமானால் பற்கள் உதவாது. அவற்றுக்கு முன்னும் பின்னும் தவிர வேறு திசை தெரியாது. எனவே பற்களைக் கீழே இறக்கிவிட்டு, துணியை நாமே இரு கைகளாலும் நகர்த்துகிறோம். இதைக் கைபோக்குத் தையல் என்று சொல்வோம். வளையத்தில் துணியை இறுக்கி மெசினில் பூவேலை செய்யப் பழகிய அக்காமாருக்கு இது புதிதல்ல.

பற்கள் இறங்கியதும் அந்தப் பழைய ரெகுலேட்டருக்கும் வேலை இல்லாமல் போகிறது. அதை எந்த எண்ணில் வைத்தாலும் ஒன்றுதான். இனித் தையலின் நீளத்தை இரண்டு காரியங்களே தீர்மானிக்கின்றன: ஊசி எவ்வளவு வேகமாக இறங்குகின்றது, கை எவ்வளவு வேகமாகத் துணியை நகர்த்துகின்றது. ஊசி வேகமாகவும் கை மெதுவாகவும் இருந்தால் தையல் குறுகும். ஊசி மெதுவாகவும் கை வேகமாகவும் இருந்தால் தையல் நீளும்.

தையல் சீராக இருப்பது அழகுக்கு மாத்திரம் அல்ல. நீண்ட தையல் விரலிலும் நகத்திலும் மாட்டி அறுந்துவிடும். ஓர் இடத்தில் அறுந்தால் அந்த வரி முழுதும் தளரும். மிகக் குறுகிய தையல்கள் துணியை ஊசியால் துளைத்துத் துளைத்து முத்திரைத்தாளின் ஓரத்தைப்போல் ஆக்கிவிடும். சில சலவைகளில் அந்த இடம் கிழியும். ஆகவே கடைக்காரர் திருப்பி அனுப்பியதில் நியாயம் இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

புதிய ரெகுலேட்டர் என்ன செய்கின்றது?

இன்று அதே பெயரில் வேறொரு கருவி உண்டு. சுவிற்சர்லாந்தின் பெர்னினா நிறுவனம் 2000களின் நடுப்பகுதியில் வீட்டு மெசினுக்கென்று இதை விற்கத் தொடங்கியது. பின்னர் பிற நிறுவனங்களும் செய்தன. ஊசியின் பாதத்தில் ஒரு சிறிய ஒளிக்கண் இருக்கின்றது. கணினி மவுஸின் அடியில் உள்ள ஒளி மேசையைப் பார்ப்பதைப்போல, இது கீழே நகரும் துணியைப் பார்க்கின்றது. கை வேகமாக நகர்ந்தால் மோட்டாரை வேகமாக ஓடச் சொல்கின்றது; கை மெதுவானால் மோட்டாரையும் மெதுவாக்குகின்றது. இதனால் தையல் ஒரே நீளமாக விழுகின்றது. கை எல்லை மீறி ஓடினால் மோட்டாரால் ஈடுகொடுக்க முடியாது. அப்போது அந்தக் கருவியிலும் தையல் நீண்டுதான் போகும்.

இது நல்ல கருவி. நான் இதைக் குறைகூற வரவில்லை. போர்வைகள் திரும்பி வந்த பின்னர், இத்தகைய மெசின் ஒன்றைப் பெற்றுத் தரும்படி ஓர் உதவி நிறுவனத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். அனுப்புவதற்கு முன் சங்கத்தில் வாசித்துக் காட்டினேன். வாசித்து முடித்ததும் வயதில் மூத்த ஓர் அம்மா கேட்டார்: "சாமி, கரண்டு போனா இது என்னா செய்யும்?" நிற்கும் என்றேன். "பழுதானா?" கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். "இந்த ஒரு மெசின் காசுக்கு நம்ம கால்மெசினு எத்தனை வாங்கலாம்?" கணக்குப் பார்த்தோம். பின் அவர் சொன்னார்: "அப்போ ஒருத்தி ஒழுங்கா தைப்பா, மத்தவங்க பார்த்துக்கிட்டு இருப்போம்."

விண்ணப்பத்தை மாற்றி எழுதினேன். நிலையான கட்டளைகளும், தடையில்லாத மின்சாரமும், கிட்டிய ஊரில் திருத்துநரும் உள்ள ஒரு குழுவுக்கு அந்தக் கருவி ஏற்றதாக இருக்கலாம். எமக்கு அன்று அது ஏற்றதன்று. அந்தக் கருவி செய்யும் வேலையை எமது காலும் கையும் செய்யப் பழக முடியுமா என்பதே எமது கேள்வியாயிற்று. முடியும். அதற்கு ஒரு சிறு கணக்கு போதும்.

ஒரு மிதி, ஒரு செக்கன், ஒரு சென்ரிமீற்றர்

உங்கள் கால்மெசினின் கைச்சக்கரத்தில் சோக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். பலகையை ஒருமுறை மிதித்து, அது கீழே போய் மேலே வந்து சேர்வதற்குள் அந்தக் கோடு எத்தனை முறை சுற்றுகின்றது என்று எண்ணுங்கள். கீழேயுள்ள பெரிய சக்கரம் மேலேயுள்ள சிறிய சக்கரத்தைப்போல் நான்கு மடங்கு என்றால், ஒரு மிதிக்கு ஊசி 4 முறை இறங்கும்.

எமக்குத் தேவையான தையலின் நீளம் 2.5 மில்லிமீற்றர். அதாவது ஓர் அங்குலத்துக்கு 10 தையல். அப்படியானால்:

ஒரு மிதிக்கு 4 தையல் × 2.5 மி.மீ. = 10 மி.மீ. = 1 செ.மீ.

ஒரு செக்கனுக்கு ஒரு மிதி என்று நிதானமாக மிதித்தால், ஒரு செக்கனுக்கு ஒரு செ.மீ. தூரம் துணியை நகர்த்த வேண்டும். கணக்கு அவ்வளவுதான். உங்கள் மெசினில் ஒரு மிதிக்கு 5 தையல் விழுமானால் 12.5 மி.மீ. நகர்த்துங்கள், 3 தையல் என்றால் 7.5 மி.மீ. ஒவ்வொருவரும் தத்தம் மெசினுக்குரிய எண்ணைக் கண்டுபிடித்து, சிறு காகிதத்தில் எழுதி மெசினில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். புதிய கருவி கையைப் பார்த்து ஊசியைத் திருத்துகின்றது. நாம் காலைக் கேட்டுக் கையைத் திருத்துகிறோம். எனவே கால் ஒருபோதும் மாறக்கூடாது. வளைவு வந்தாலும் மூலை வந்தாலும் அதே மிதி, அதே தாளம். கொழுந்து பறிக்கும்போது இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று கண் தேடினாலும் கையின் தாளம் கெடுவதில்லை அல்லவா? அந்தத் தாளம் எமது பெண்களிடம் ஏற்கனவே இருக்கின்றது. மனதுக்குள் கும்மிப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு மிதிக்கலாம். செபமாலை சொல்லிக்கொண்டே மிதிப்பவர்களும் உண்டு.

மின்சார மெசின் வைத்திருப்பவர்கள், அதில் வேகத்தை மட்டுப்படுத்தும் விசை இருந்தால் அதைப் பாதியில் வைத்து, மிதியை முழுதாக அழுத்துங்கள். அப்போது ஊசியின் வேகம் மாறாது. கையை மட்டும் பழக்கினால் போதும். கையால் சுற்றும் மெசினில் ஒரு கை சக்கரத்திலேயே இருப்பதால் தனியாகச் செய்வது கடினம். ஒருவர் சீராகச் சுற்ற, மற்றவர் இரு கைகளாலும் துணியை நகர்த்தலாம். தாயும் மகளுமாக உட்கார்ந்து இப்படித் தைக்கும் வீடு எமது பங்கில் உண்டு.

மெசினைத் தயார் செய்தல்

1. தூசி தட்டி, எண்ணெய்த் துளைகளில் மெசின் எண்ணெய் ஒவ்வொரு துளி விடுங்கள். மலைநாட்டின் ஈரத்தில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

2. தோல்வாரைப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் சக்கரம் வழுக்கும். ஒரு மிதிக்கு ஒருமுறை 4, மறுமுறை 3 என்று தையல் விழும். வாரைச் சற்று வெட்டிக் கம்பியால் மீண்டும் இணையுங்கள். வார் வழுக்கும் மெசினில் எந்தக் கணக்கும் பலிக்காது.

3. பற்களை இறக்குங்கள். சில மெசின்களில் இதற்கான திருகு தட்டுக்குக் கீழே அல்லது மேலே இருக்கும். அப்படி இல்லாவிட்டால், ஊசி போக ஒரு துளை இட்ட மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைப் பற்களின் மேல் வைத்து நான்கு பக்கமும் ஒட்டுங்கள். தையல் நீளத்தைச் சுழியத்தில் வைத்துவிடுங்கள்.

4. வழக்கமான பாதத்தைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் வைத்த, வட்டத் துளையுள்ள சிறிய பாதத்தைப் பூட்டுங்கள். கிழிசல் தைக்கும் பாதம் என்று கேட்டால் மெசின் உதிரிப்பாகம் விற்கும் கடைகளில் காட்டுவார்கள். பாதமே இல்லாமல் தடித்த போர்வையைத் தைக்க முயலாதீர்கள். துணி ஊசியோடு மேலெழும், தையல் தப்பும், விரலுக்கும் ஆபத்து.

5. ஊசி 14ஆம் இலக்கம் போதும். உள்ளே தடித்த கம்பளி இருந்தால் 16. ஒவ்வொரு போர்வைக்கும் புதிய ஊசி போடுவது வீண்செலவு அன்று. மழுங்கிய ஊசியே தையலைத் தாண்டச் செய்கின்றது.

6. மேசை. போர்வையின் பாரம் மெசினின் இடப்பக்கமும் பின்பக்கமும் தொங்கினால், அந்தப் பாரமே துணியை இழுக்கும். உங்கள் கை அளந்தாலும் பாரம் அளவைக் கெடுத்துவிடும். மெசினோடு சம உயரமாக ஒரு மேசையையோ பலகையையோ இடப்பக்கம் சேர்த்து வையுங்கள்.

போர்வையைத் தயார் செய்தல்

போர்வைக்கு மூன்று அடுக்கு உண்டு: ஒட்டுத்துணியால் ஆன மேல்துணி, நடுவில் வெப்பம் காக்கும் அடுக்கு, கீழே ஒரே துணியான அடித்துணி. 1992இல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்துக்குப் பின் நாட்டுப்புறங்களிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றில் கழிக்கப்படும் வெட்டுத்துண்டுகள் நிறையாக விற்கப்படுகின்றன. நூற்றுக்கணக்கான எமது பிள்ளைகள் அங்கே வேலை செய்கிறார்கள். எங்கே, எப்போது கிடைக்கும் என்பதை அவர்களிடமே கேட்டு அறியலாம்.

துண்டுகளை முதலில் பிரியுங்கள். ஒரு நூலிழையை எரித்துப் பார்த்தால் பருத்தி காகிதத்தைப்போல் எரிந்து சாம்பலாகும்; செயற்கை இழை உருகிக் கறுத்துக் கட்டியாகும். இரண்டையும் ஒரே போர்வையில் கலந்தால் பருத்தி சுருங்கும், மற்றது சுருங்காது. முதல் சலவையிலேயே போர்வை சுருண்டுவிடும். பருத்தித் துண்டுகளை வெட்டுவதற்கு முன்னரே ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். நடு அடுக்குக்குப் பஞ்சுத்தாள் வாங்க முடியாதவர்கள் துவைத்த பழைய கம்பளியையோ பழைய பனியன் துணிகளையோ பரப்பலாம்.

மூன்றையும் தரையில் மடிப்பின்றி விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கையால் பெரிய இழையாக நூலோடுங்கள். ஒரு நூலோட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு கையகலம் போதும். இந்த வேலையில் சோம்பல்படாதீர்கள். நூலோடாத போர்வையில் அடித்துணி மடிந்து தைபடும். பிரிப்பதற்கு ஒரு நாள் போய்விடும்.

நான்கு பயிற்சிகள்

முதற்பயிற்சி: நூல் கோக்காமல், அப்பியாசப் புத்தகத் தாளில் தையுங்கள். ஒரு செக்கனுக்கு ஒரு மிதி. தாளில் விழுந்த துளைகளை அடிமட்டத்தை வைத்து எண்ணுங்கள். ஓர் அங்குலத்துக்கு 9 முதல் 11 துளை வரும்வரை பழகுங்கள். நூலும் வீணாகாது, துணியும் வீணாகாது.

இரண்டாம் பயிற்சி: அதே தாளில் உங்கள் பெயரை எழுதுங்கள். தாளைத் திருப்பாமல், பேனாவை அசைக்காமல் தாளை அசைத்து எழுதுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். வளைவிலும் துளைகள் சமதூரமாக விழுகின்றனவா என்று பாருங்கள். வளைவிலேதான் எங்கள் ஏழு போர்வைகளும் தோற்றன.

மூன்றாம் பயிற்சி: ஓர் அடி சதுரமான மூன்றடுக்குத் துணியில் நூல் கோத்துத் தையுங்கள். தொடங்குமுன் ஊசியை ஒருமுறை இறக்கி ஏற்றி, பொபின் நூலை மேலே இழுத்தெடுங்கள். இரு நூல்களையும் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் மூன்று நான்கு சிறு தையல் போட்டு நூலைக் கட்டுங்கள். முடிக்கும்போதும் அவ்வாறே. இரு கைகளையும் ஊசியின் இருபக்கமும் இரண்டு அங்குலம் தள்ளித் தட்டையாக வையுங்கள். விரல் வழுக்கினால் ரப்பர் பதித்த தோட்டக் கையுறை உதவும்.

நான்காம் பயிற்சி: கோலம். மலைச்சரிவில் கான் வெட்டியதைப்போல் வளைந்து வளைந்து போகும் கோடுகள் மிக எளியவை. ஒரு கோடு இன்னொன்றை வெட்டாமல் ஓடட்டும். கோடுகளுக்கிடையே 5 செ.மீ. வைத்தால் உள்ளே பஞ்சு திரளாது.

பிழைகளும் காரணங்களும்

அடியில் நூல் காக்கைக்கூடுபோல் சிக்கினால்: பாதத்தை இறக்க மறந்திருக்கிறீர்கள். பாதத்தை இறக்கினால்தான் மேல்நூல் இறுகும். இந்த வகைப் பாதம் துணியை அவ்வளவாக அழுத்தாததால் இது எளிதில் மறந்துபோகும்.

வளைவின் அடிப்புறத்தில் நூல் கண்ணிமைபோல் நீட்டிக்கொண்டிருந்தால்: கை ஓடியிருக்கின்றது. மேல்நூலை இறுக்குவதற்கு முன் கையை மெதுவாக்கிப் பாருங்கள்.

ஊசி வளைந்தால் அல்லது உடைந்தால்: ஊசி துணிக்குள் இருக்கும்போது கை இழுத்திருக்கின்றது. மிதி நின்றால் கையும் நிற்க வேண்டும்.

நூல் அடிக்கடி அறுந்தால்: தொடங்கும்போது சக்கரம் பின்னோக்கிச் சுழன்றிருக்கலாம். எப்போதும் கைச்சக்கரத்தை உங்களை நோக்கித் திருப்பிவிட்டு மிதியுங்கள்.

மூலையில் தையல் நெருங்கினால்: எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே மிதித்திருக்கிறீர்கள். யோசிக்க வேண்டுமானால், ஊசி துணிக்குள் இருக்கக் காலை நிறுத்துங்கள். யோசித்து முடித்துப் பின் தொடங்குங்கள்.

எவ்வளவு நேரம், என்ன விலை?

150 செ.மீ. அகலமும் 225 செ.மீ. நீளமும் உள்ள ஒரு போர்வையை எடுப்போம். கோடுகள் 5 செ.மீ. இடைவெளியில் ஓடினால் தையலின் மொத்த நீளம் 150 × 225 ÷ 5 = 6,750 செ.மீ. ஏறக்குறைய 68 மீற்றர். ஒரு செக்கனுக்கு ஒரு செ.மீ. என்றால் 6,750 செக்கன். அதாவது 2 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. விழும் தையல்கள் 27,000. இடையில் ஓய்வு, பொபின் மாற்றுதல், போர்வையைத் திருப்புதல் எல்லாம் சேர்த்து இதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். மேல்நூலும் கீழ்நூலுமாக 200 மீற்றருக்குக் குறையாமல் நூல் எடுத்து வையுங்கள்.

இந்தக் கணக்கு ஏன் அவசியம்? விலை பேசும்போது எமது பெண்கள் துணிக்கும் நூலுக்கும் மட்டுமே காசு கேட்கிறார்கள். துண்டு வெட்டிய நேரம், ஒட்டிய நேரம், நூலோடிய நேரம், தைத்த நேரம் ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். மொத்த மணித்தியாலங்களுக்கு, உங்கள் தோட்டத்தில் ஒரு நாள் பேருக்குக் கிடைக்கும் சம்பளத்தின் அளவிலாவது கூலி போடுங்கள். அதற்குக் குறைவாகக் கேட்கும் வியாபாரியிடம் கொப்பியைக் காட்டுங்கள். எழுதப்படாத உழைப்பு இனாமாகவே போகும். எமது முன்னோருக்கு வாங்கிய கடன் மட்டும் எழுதப்பட்டது. நாமோ செய்த வேலையை எழுதி வைப்போம்.

புதிய மெசினைத் தவணைக்கு வாங்க எண்ணுபவர்களும் முதலில் மூன்று போர்வை விற்றுப் பாருங்கள். அந்த வருமானத்தில் தவணை அடைபடுமா என்று கொப்பி சொல்லும்.

தொலைவில் ஒரு சங்கம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வில்கொக்ஸ் என்னும் பகுதியில், பருத்தி நிலங்களில் குத்தகைக்கு உழைத்த கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்தன. 1960களில் வாக்காளராகப் பதிவு செய்யச் சென்றதற்காக அவர்களுள் பலர் நிலத்திலிருந்தும் வீட்டிலிருந்தும் வெளியேற்றப்பட்டனர். 1965இன் இறுதியில் அவ்வழியே சென்ற பிரான்சிஸ் வோல்டர் என்னும் எப்பிஸ்கோப்பல் திருச்சபைக் குரு, ஒரு வீட்டின் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒட்டுப்போர்வைகளைக் கண்டார். 1966இல் அப்பெண்கள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். நியூயோர்க்கில் போர்வைகள் ஏலத்தில் விற்கப்பட்டன. 1969இல் சங்கத்துக்கென்று தையற்கூடம் எழுந்தது. சங்கம் 23 ஏக்கர் நிலம் வாங்கி, அதில் ஒரு பகுதியை வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு வீட்டுமனைகளாக விற்றது. 2012வரை அந்தச் சங்கம் நிலைத்தது.

அவர்கள் பெரிய கடைகளின் கட்டளைகளை ஏற்றபோது ஒரே அளவு, ஒரே தரம் என்று கண்டிப்பாகத் தைக்க வேண்டியிருந்தது. தம் மனம்போல் துண்டுகளை இணைத்துப் பழகிய பெண்களுக்கு அது எளிதாக இருக்கவில்லை. ஆனால் அதே பகுதிப் பெண்கள் மனம்போலச் செய்த போர்வைகளின் கோலங்களை அமெரிக்க அரசு 2006இல் தபால் முத்திரையில் வெளியிட்டது. இதிலிருந்து நான் கற்பது: தையல் சீராக இருக்கட்டும், கோலம் உங்களுடையதாக இருக்கட்டும். ஒழுங்கு வேண்டியது தையலின் நீளத்துக்கு மாத்திரமே. பூவையும் கொடியையும் யாரும் உங்களுக்கு அளந்து தர வேண்டியதில்லை.

முடிவாக

திருத்தூதர் பணிகள் நூலில் யோப்பா நகரத்துத் தபித்தாவைப் பற்றி வாசிக்கிறோம். அவர் இறந்தபோது கைம்பெண்கள் பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவர் தங்களுக்குச் செய்து கொடுத்த ஆடைகளை எடுத்துக் காட்டினார்கள். அவருடைய வாழ்வுக்கு அந்த ஆடைகளே சாட்சியாயின.

திரும்பி வந்த ஏழு போர்வைகளையும் நாம் எறியவில்லை. நீண்ட தையல்களைப் பிரித்து மீண்டும் தைத்தோம். அவற்றைக் குளிரில் நடுங்கிய முதியவர்களுக்குக் கொடுத்தோம். ஓராண்டு பழகிய பின் அதே கடைக்கு மறுபடியும் அனுப்பினோம். எதுவும் திரும்பி வரவில்லை. தோட்டை அடகு வைத்த சகோதரி அதை மீட்டுவிட்டார். இப்போது புதிதாக வருபவர்களுக்கு அவரே கற்பிக்கிறார். முதல் நாள் அவர் அவர்களுக்குக் கொடுப்பது ஓர் அப்பியாசத் தாளும் நூலில்லாத ஊசியுமே.

குழுவில் கலந்துரையாட

1. எமது குழுவில் எத்தனை மெசின்கள் உள்ளன? ஒவ்வொன்றிலும் ஒரு மிதிக்கு எத்தனை தையல் விழுகின்றது?

2. பழுதாகிக் கிடக்கும் மெசின் யாரிடம் உண்டு? அதைத் திருத்தத் தெரிந்தவர் யார்?

3. கடைசியாக விற்ற பொருளுக்கு எமது கூலியை எழுதிப் பார்த்தோமா? ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு கிடைத்தது?

4. எமக்குத் தரப்படும் ஒரு புதிய கருவியை ஏற்பதற்கு முன் நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் எவை?